வெள்ளை அருவியும் சாம்பல் மீட்டரும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் மேலகரத்தை நெருங்கும்போதே திரிகூடமலை முழுசாகக் கண்ணுக்கு வந்துவிடும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் மேலகரம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று மேகங்களை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். பத்து நிமிடம் சாரல், ஐந்து நிமிடம் வெயில், மறுபடி சாரல். மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். பிற்பகலிலோ மலையின் நிழல் சீக்கிரமே கீழே இறங்கிவிடும்.

கையால் இயக்கும் ஃபிலிம் கேமராவைப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் சீசன் நேரத்துக் குற்றாலம். இங்கே வெள்ளை நீரும் நனைந்த கரும்பாறையும் ஒரே படத்துக்குள் வருகின்றன. நீர் ஓயாமல் அசைகிறது, பாறை அசைவதில்லை. வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. தானியங்கி கேமரா இந்தச் சிக்கல்களை நமக்குத் தெரியாமலேயே தீர்த்துவிடும். பழைய கேமராவில் ஒவ்வொன்றையும் நாமே தீர்மானிக்க வேண்டும். தீர்மானிப்பதற்கு, ஒளி உள்ளே போய் என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப் பழக ஏற்ற எஸ்எல்ஆர் வகைக் கேமராவின் உயிர் ஒரு கண்ணாடியில் இருக்கிறது. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45 பாகை சாய்வில் நிற்கும் அந்தக் கண்ணாடி, லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி ஒரு தேய்த்த கண்ணாடித் திரையில் விழவைக்கிறது. அங்கே பிம்பம் இடவலம் மாறியிருக்கும். திரைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பென்டாபிரிசம் அதைச் சரிசெய்து கண்ணுக்குத் தருகிறது. கேமராவின் தலையில் கூரைபோல் எழுந்து நிற்பது அந்தப் பிரிசம்தான். லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கிறோம் என்பதுதான் இந்த அமைப்பின் பெரிய லாபம்.

35 மி.மீ. ஃபிலிமுக்கு இந்த ஏற்பாடு 1936-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் கினே எக்ஸாக்டா என்ற கேமராவாக வந்தது. பிரிசம் வைத்த காண்டாக்ஸ் எஸ் 1949-இல் வந்தது. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1952-இல் தன் முதல் எஸ்எல்ஆரைச் செய்தது. 1959-இல் நிக்கான் எஃப் வந்தபிறகு பத்திரிகைக்காரர்கள் பெருமளவில் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். கண்ணாடி மேலே மடங்குகிறது. லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் நாம் வைத்த அளவுக்குச் சுருங்குகின்றன. ஃபிலிமுக்கு முன்னால் உள்ள முதல் திரை ஓடுகிறது. குறித்த நேரம் கழித்து இரண்டாம் திரை அதைத் துரத்திக்கொண்டு வந்து மூடுகிறது. இந்த இரண்டு திரைகளும் சேர்ந்ததுதான் ஷட்டர். கண்ணாடி மறுபடி கீழே இறங்குகிறது. 1/1000 நொடி வைத்தால் ஃபிலிம் முழுவதும் ஒரே சமயத்தில் திறப்பதில்லை. துணித்திரை கேமராக்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பிளவு 36 மில்லிமீட்டர் நீளத்தைக் கடந்து ஓடுகிறது. ஃப்ளாஷ் போட்டால் அத்தகைய கேமராவில் 1/60 நொடிக்கு மேல் போகக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே: அதைவிட வேகமாக வைத்தால், ஃப்ளாஷ் மின்னும் நேரத்தில் ஃபிலிமின் ஒரு பகுதி திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

படம் பதிவாகும் அந்தக் கணத்தில் மட்டும் நமக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் கண்ணாடி மேலே போயிருக்கும். அருவிக்கடியில் நிற்கும் குழந்தை வாய்விட்டுச் சிரித்ததை வியூஃபைண்டரில் பார்த்துவிட்டுப் பிறகு அழுத்தினால் சிரிப்பு தப்பிவிடும். சிரிப்பு வரப்போகிறது என்று தோன்றும்போதே அழுத்த வேண்டும். இது பழகப் பழகத்தான் வரும்.

எந்தக் கேமரா வாங்குவது? பென்டாக்ஸ் கே1000 நல்ல தொடக்கம். 1976-இல் வந்து 1997 வரை உற்பத்தியில் இருந்த கேமரா அது. ஒரு சின்னப் பொத்தான் பேட்டரி போதும், அதுவும் ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2-வும் அப்படியே, 1/4000 நொடி வரை போகும். சோவியத் நாட்டு ஜெனிட்-இ கிடைத்தால் அதுவும் கெட்டியான கேமராதான். அதன் செலினியம் மீட்டருக்குப் பேட்டரியே வேண்டாம். ஆனால் செலினியம் வயதானால் சோர்ந்துவிடும், ஆகவே அந்த மீட்டர் சொல்வதை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். ஷட்டர் வேகமும் அதில் 1/30-இலிருந்து 1/500 வரைதான்.

லென்ஸ் ஒன்றே ஒன்று போதும், 50 மில்லிமீட்டர். ஜெனிட்டோடு வரும் ஹீலியோஸ் 58 மில்லிமீட்டர். முதல் வருடம் ஜூம் லென்ஸைத் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நகர வேண்டியது கால்கள்.

கேமரா உடல் என்பது ஒளி புகாத ஒரு பெட்டி, அதோடு ஒரு ஷட்டர். படத்தைப் படமாக்குவது லென்ஸ். இதை நன்றாக உணர்ந்தவர் மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996 வரை இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். காட்டு யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஒரு கம்பெனியின் கேமரா உடலோடு வேறொரு கம்பெனியின் டெலி லென்ஸைப் பொருத்தி, மற்ற பாகங்களையும் தானே இணைத்து ஒரு பெரிய கருவியை உண்டாக்கி, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று தயங்குகிறவர்கள் அவர் எடுத்த படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். லென்ஸ் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று பொறித்திருக்கும். லென்ஸின் குவிய நீளத்தை இந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ. துவாரம், எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு, ஒளியும் கால்பங்கு. அதனால்தான் நடுவில் 2.8 என்ற விசித்திரமான எண்: அது 2-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது, ஒளியைச் சரிபாதியாக்கும் படி. ஷட்டர் வேகங்களும் 1/60, 1/125, 1/250 என்று பாதி பாதியாகவே இறங்குகின்றன. ஃபிலிமின் வேகமும், அதாவது அது ஒளியை உணரும் திறனும், 100, 200, 400 என்று இரட்டிக்கிறது. மூன்றுமே ஒரே கணக்கில் ஏறி இறங்குவதால் ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைக்கலாம். ஒரு படிக்கு ‘ஸ்டாப்’ என்று பெயர்.

மீட்டர் இல்லாமலே வெளிச்சத்தை ஊகிக்க ஒரு பழைய விதி உண்டு. பளிச்சென்ற வெயிலில் எஃப் 16 வைத்து, ஃபிலிமின் வேகம் 100 என்றால் ஷட்டரை 1/125 வையுங்கள். 400 என்றால் 1/500. மெல்லிய மேகம் வந்தால் எஃப் 11, மேகமூட்டம் என்றால் எஃப் 8, வானம் கனத்துக் கறுத்தால் எஃப் 5.6. சீசனில் குற்றாலத்து வெளிச்சம் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டுக்குள்தான் இருக்கும்.

இனி நீரின் அசைவு. குற்றாலத்துப் பேரருவியில் மலைமேலிருந்து வரும் நீர் நடுவே பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, அது நிறைந்து பொங்கிக் கீழே இறங்குகிறது. வழியில் தடையில்லாமல் 10 மீட்டர் விழுந்த நீரின் வேகம் நொடிக்கு 14 மீட்டர். 30 மீட்டர் தள்ளி நின்று 50 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்தால் காட்சி ஃபிலிமில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். 1/1000 நொடியில் நீர் நகர்வது 14 மி.மீ.; ஃபிலிமில் அது 0.02 மி.மீ.தான், கண்ணுக்குக் கூர்மையாகவே தெரியும். 1/125 வைத்தால் நீர் 11 செ.மீ. நகரும், ஃபிலிமில் கிட்டத்தட்ட 0.2 மி.மீ., இழை இழையாகத் தெரியும். 1/8 நொடியில் ஏறத்தாழ 1.75 மீட்டர் நகர்ந்துவிடும். ஃபிலிமில் மூன்று மில்லிமீட்டர் நீளக் கோடு. துளிகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து வெண்பட்டாகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பாறையில் மோதிச் சிதறும் சிறு துளிகள் அருவியின் வேகத்தில் விழுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளியைக் காற்று தடுத்து நொடிக்கு நான்கு மீட்டர் அளவுக்கு மெதுவாக்கிவிடுகிறது. ஆகவே 1/125 நொடியில் எடுத்த படத்தில் அருவியின் நடுத்தண்டு இழைகளாக ஓடியிருக்கும், ஓரத்துச் சிதறல் மட்டும் மணிமணியாக நிற்கும். அருவியடியில் நிற்கும்போது நம் உடம்புக்குத் தெரிவதும் இந்த வித்தியாசம்தான்: தலையில் இடி, முகத்தில் பூவாளித் தூறல். வெண்பட்டாகக் குழைந்த அருவிப் படங்கள் நிறைய வருகின்றன. குற்றாலத்துக்கு அது பொருந்தாது என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் இங்கே அருவியின் கீழே எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை அழித்துவிட்டு நீரை மட்டும் அழகாக்குவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

எந்த ஷட்டர் வேகம் வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டுத்தான் ஃபிலிமை வாங்க வேண்டும். ஒருமுறை மாட்டினால் 36 படத்துக்கும் அதே ஃபிலிம் வேகம்தான். கனத்த மேகத்தில் 400 ஃபிலிம், எஃப் 4 வைத்தால் 1/1000 கிடைக்கும். 100 ஃபிலிமில் எஃப் 22 வரை மூடினால் 1/8 வரை இறங்கலாம், அதற்கு ஸ்டாண்டு வேண்டும். சாரலில் வியூஃபைண்டர் கண்ணாடியில் நீர் படிந்து ஃபோகஸ் செய்வது பெரும்பாடாகிவிடும். அப்போது எஃப் 8 வைத்து, லென்ஸ் வளையத்தை 10 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸில் ஐந்து மீட்டரிலிருந்து மலை முகடு வரை எல்லாம் தெளிவாக வரும். வளையத்தைப் பிறகு தொடவே வேண்டாம்.

இனி மீட்டர். பழகுகிறவர்கள் ஏமாறுவதெல்லாம் இங்கேதான். அது தன்மேல் விழும் ஒளியை மட்டும் அளக்கிறது. எதிரே இருப்பது வெள்ளை வேட்டியா, கரும்பாறையா என்று அதற்குத் தெரிய வழியில்லை. எதைக் காட்டினாலும், விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் சாம்பல் கிடைக்கும் எண்ணைச் சொல்லும். 100 ஃபிலிம், கனத்த மேகம், சரியான விடை 1/125-இல் எஃப் 5.6 என்று வைத்துக்கொள்வோம். கேமராவை நீரில் மட்டும் நிறைத்துப் பார்த்தால் ஊசி எஃப் 11-க்குக் கூட்டிப் போகும். அதை நம்பி எடுத்தால் அருவி அழுக்குச் சாம்பலாகவும் பாறை வெறும் கறுப்பாகவும் வரும். நனைந்த பாறையில் பார்த்தால் எஃப் 2.8 என்னும், பாறை சாம்பலாகும், அருவி வெளுத்து உருவமே இல்லாமல் போகும். மீட்டர் இரண்டு தடவையும் பொய் சொல்லவில்லை. சாம்பலைக் கேட்டோம், சாம்பலைத் தந்தது.

இதற்கு ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. உள்ளங்கையை விரித்து, அருவியில் விழும் அதே வெளிச்சம் அதன்மேலும் விழும்படி பிடித்து, வியூஃபைண்டர் முழுவதையும் உள்ளங்கையால் நிறைத்து மீட்டரைப் பாருங்கள். ஃபோகஸ் ஆக வேண்டியதில்லை. உள்ளங்கையின் நிறம் மனிதருக்கு மனிதர் அவ்வளவாக மாறுவதில்லை. சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. ஆகவே மீட்டர் எஃப் 8 என்றால் எஃப் 5.6-க்குத் திறந்துவிடுங்கள். அருவி, பாறை, மனிதர் மூன்றும் அவரவர் நிறத்தில் வந்து உட்காரும். மேகம் விலகினாலும் மூடினாலும் மறுபடி கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் நெகட்டிவ் ஃபிலிமுக்கு ஒளியைக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள். கூடிய ஒளியை அது தாங்கும். ஒளி போகாத இருட்டிலிருந்து எதையும் மீட்க முடியாது. ஸ்லைடு ஃபிலிமுக்கு இது தலைகீழ்.

அந்த ஒளி ஃபிலிமில் என்ன செய்கிறது? ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள் புதைந்திருக்கின்றன. ஒளி பட்டதும் படிகத்துக்குள் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஓரிடத்தில் சிக்குகின்றன; வெள்ளி அயனிகள் அங்கே வந்து சேர்ந்து வெள்ளி அணுக்களாகின்றன. 1938-இல் கர்னியும் மாட்டும் இதை விளக்கினார்கள். நாலைந்து அணுக்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் போதும், டெவலப்பரில் போட்டதும் அந்தப் படிகம் முழுவதும் வெள்ளியாக மாறிவிடும். கோடிக்கணக்கான மடங்கு பெருக்கம். 400 ஃபிலிமில் படிகங்கள் பெரியவை, ஒளியை எளிதில் பிடிக்கும். அதனால்தான் அதில் மணல் மணலாகத் தெரிகிறது. வெளிச்சம் மிகக் குறைந்து, ஒரு நொடிக்கு மேல் திறந்து வைக்க வேண்டி வந்தால் இன்னொரு தொல்லை: முதல் அணு உருவாகி, அடுத்தது வந்து சேர்வதற்குள் அது கலைந்துவிடுகிறது. குற்றாலத்துச் சித்திரசபை போன்ற மங்கலான மண்டபத்தில், அனுமதி பெற்று எடுக்கும்போது, மீட்டர் நாலு நொடி என்றால் ஃபிலிம் எட்டு, பத்து நொடிகூடக் கேட்கலாம்.

இந்த ஃபிலிமை நாமே செய்த காலம் ஒன்று இருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டு, பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்தி தொடங்கியது. பூச்சு காயும்போது ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளியாகிவிடும். மலைக் குளிரும் தூசியில்லாக் காற்றும் தேடித்தான் ஊட்டிக்குப் போனார்கள். இந்து என்ற பெயரில் வந்த அந்தக் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடு முழுவதும் போயின. ஆலை மூடப்பட்டது எனக்கு ஆறாத வருத்தம். இன்று இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ் போன்ற வெளிநாட்டு ரோல்கள்தான் கைகொடுக்கின்றன.

நம் ஊர் ஈரத்தில் பழைய லென்ஸ் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. லென்ஸை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய கிளைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வந்தால் அதுதான். காற்றில் எங்கும் இருக்கும் பூஞ்சை வித்துகள், ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி இருட்டும் அசைவற்ற காற்றும் சேர்ந்தால் முளைக்கும். கண்ணாடிமேல் இருக்கும் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்கு உணவு. அது கக்கும் அமிலம் லென்ஸின் பூச்சை அரித்துவிடும். பூஞ்சையைத் துடைக்கலாம், அரிப்பைத் துடைக்க முடியாது. தோலுறைக்குள் பூட்டிப் பீரோவில் வைப்பதுபோல் கெடுதல் வேறில்லை, ஏனென்றால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அருவிக்குப் போய்வந்ததும் துடைத்துக் காற்றாட வைத்து, பிறகு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். கேமராவின் முதுகைத் திறந்து, ஓர நுரைப்பட்டை பிசுபிசுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஷட்டரை ஒரு நொடியில் வைத்து அழுத்தி, சத்தம் இழுக்காமல் நின்று முடிகிறதா என்று காதால் கேளுங்கள்.

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவலாம். டி-76 போன்ற டெவலப்பர்களுக்கு 20 பாகை வெப்பநிலையை அடிப்படையாக வைத்தே நேரம் குறித்திருப்பார்கள். எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்குக் கலக்காத டி-76-இல் ஏழரை நிமிடம். தென்காசியில் குழாய்த் தண்ணீர் சித்திரையில் 30 பாகையைத் தொடும். அந்தச் சூட்டில் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய்விடும், கழுவல் திட்டுத்திட்டாக வரும். ஃபிலிம் கழுவும் டாங்கை ஐஸ் கட்டி போட்ட பாத்திரத்தில் நிறுத்திக் குளிர்விக்கலாம், அல்லது டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்து நேரத்தை நீட்டலாம். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவும் கடைசி அலசலும் அதே வெப்பநிலையில் இருக்க வேண்டும். திடீரென்று சூடு மாறினால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழும்.

காய்ந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாறை இருந்த இடம் வெறும் கண்ணாடிபோல் ஒரு விவரமும் இல்லாமல் இருந்தால் அடுத்த ரோலில் ஒரு ஸ்டாப் திறந்து எடுங்கள். அருவி இருந்த இடத்தைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அந்தக் கறுப்பின் ஊடே எழுத்து மங்கலாகவாவது தெரிந்தால் கழுவிய நேரம் சரி. தெரியவே இல்லையென்றால் அடுத்தமுறை டெவலப்பரில் வைக்கும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள்.